மதிப்பெண் குறைவு, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் சட்டம் படிக்க ஆசைப்படுகிற பலரைத் தயங்க வைப்பவை இரண்டு எண்கள். ஒன்று இளநிலைப் படிப்பின் ஜி.பி.ஏ., அதாவது 4.0 அளவில் சொல்லும் மதிப்பெண் சராசரி. மற்றொன்று சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண். எல்சாட் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். இரண்டில் ஒன்று குறைவாக இருந்தால் செய்ய வேண்டியது ஒன்று, இரண்டும் குறைவாக இருந்தால் செய்ய வேண்டியது வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் இருபது கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பி, கட்டணத்தை இழக்கிறவர்கள்தான் அதிகம்.

கல்லூரிக்காரர்கள் இந்த எண்களை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின், அதாவது ஏ.பி.ஏ.-யின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆண்டுதோறும் டிசம்பர் 15-க்குள் ‘509 அறிக்கை’ என்ற ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் எல்சாட், ஜி.பி.ஏ. இரண்டுக்கும் அதில் மும்மூன்று எண்கள் இருக்கும்: 25-ஆவது சதமானம் (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே), இடைநிலை, 75-ஆவது சதமானம் (முக்கால்வாசிப் பேர் இதற்குக் கீழே). தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வது நடுவில் இருக்கும் இடைநிலையை. ஆகவே சேர்க்கை அலுவலகத்தின் கவலையும் அதுதான்.

இடைநிலை வேறு, சராசரி வேறு. 101 பேரை உயர வரிசையில் நிறுத்தினால் 51-ஆவதாக நிற்பவரின் உயரமே இடைநிலை. வரிசையின் கடைசி ஆள் இன்னும் அரை அடி குட்டையாக இருந்தாலும் அந்த 51-ஆவது ஆள் மாறப்போவதில்லை. இதை விண்ணப்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு கல்லூரியின் இடைநிலை 3.6 ஜி.பி.ஏ., 163 எல்சாட் என்று வைத்துக்கொள்வோம். 3.5 ஜி.பி.ஏ.-யும் 158 எல்சாட்டும் உள்ள ஒருவர் விண்ணப்பிக்கிறார். இன்னொருவரிடம் இருப்பது 2.7 ஜி.பி.ஏ., 166 எல்சாட். பார்வைக்கு முதலாமவர்தான் நல்ல மாணவர். ஆனால் அவர் இரண்டு எண்ணிலும் இடைநிலைக்குக் கீழே இருக்கிறார். கல்லூரியின் கணக்கில் அவரால் எந்த லாபமும் இல்லை. இரண்டாமவர் ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுக்கிறார், இன்னொன்றில் 3.5-காரர் செய்யும் அதே சேதத்தைத்தான் செய்கிறார். ஒரு எண் மேலும் மற்றது கீழுமாக உள்ள இப்படிப்பட்டவர்களை விண்ணப்ப உலகில் ‘ஸ்ப்ளிட்டர்’ என்பார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் உத்தி எளிது. பட்டம் வாங்கி முடித்தவரின் ஜி.பி.ஏ. கல்லில் எழுதியது, அசையாது. அசையக்கூடியது எல்சாட் மட்டும்தான். ஆகவே ஜி.பி.ஏ. குறைந்தவர், தான் விரும்பும் கல்லூரியின் எல்சாட் இடைநிலையைத் தாண்டும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ‘கிட்டத்தட்ட’ என்பதற்கு இங்கே மதிப்பில்லை. 162-க்கும் 163-க்கும் இடையே உள்ள ஒரு புள்ளி, சில சமயம் இடத்தையும் உதவித்தொகையையும் சேர்த்தே தீர்மானித்துவிடும்.

இன்னும் பட்டம் முடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் (பாடங்களின் எடை அலகு) 90 முடித்து 2.6-இல் இருக்கும் ஒருவர், கடைசி 30 கிரெடிட்டிலும் 4.0 வாங்கினால் 2.95-க்கு வருவார். பெரிய தாவல் இல்லைதான். ஆனால் தேறும் முகமாகப் போகிற ஒரு மதிப்பெண் பட்டியல் சேர்க்கைக் குழுவின் கண்ணில் படும். முதுகலைப் படிப்பில் 4.0 வாங்கினால் பழைய ஜி.பி.ஏ. ஏறும் என்று சிலர் நம்புகிறார்கள். ஏறாது. தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு கணக்கிடுவது முதல் இளநிலைப் பட்டத்துக்கு முன் படித்த பாடங்களை மட்டுமே. நீங்கள் ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு விட்ட சமுதாயக் கல்லூரியின் மதிப்பெண்ணும் அதில் வரும். தோற்றுப்போன பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினாலும், மதிப்பெண் பட்டியலில் பழைய எஃப் கிரேடும் கிரெடிட்டும் தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். ஏ பிளஸ்ஸுக்கு 4.33 கொடுப்பார்கள். ஆகவே உங்கள் கல்லூரி சொல்லும் ஜி.பி.ஏ.-யும் எல்சாக் சொல்லும் ஜி.பி.ஏ.-யும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. 509 அறிக்கையோடு ஒப்பிட வேண்டியது எல்சாக்கின் எண்ணை.

அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே பட்டம் வாங்கியவர்கள் இங்கே கவனிக்க. அந்த மதிப்பெண்களை எல்சாக் 4.0 அளவுக்கு மாற்றுவதில்லை. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று ஒரு தர விவரம் மட்டும் தரும். கல்லூரியின் ஜி.பி.ஏ. இடைநிலையில் நீங்கள் சேரவே மாட்டீர்கள். அதனால் உங்கள் விண்ணப்பத்தில் பெரும் சுமையைத் தாங்குவது எல்சாட்தான்.

சரி, எல்சாட்டை எப்படி உயர்த்துவது? 2024 ஆகஸ்டிலிருந்து தேர்வில் புதிர் விளையாட்டுப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்குரியவை மூன்று பகுதிகள்: தர்க்கப் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று. மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்றும் கூடவே வரும், எது என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மூன்றில் இரண்டு தர்க்கம் என்பதால் உழைப்பின் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் வெற்றாக விடாதீர்கள்.

பயிற்சியில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். முழுத் தேர்வுகளை வரிசையாக எழுதித் தள்ளுகிறார்கள், மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், அடுத்ததற்குப் போகிறார்கள். மதிப்பெண் நகர்வதில்லை. நேரம் வைத்து எழுதும்போதே சந்தேகமான கேள்விகளைக் குறித்து வையுங்கள். விடையைப் பார்க்கும் முன், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அவற்றைத் திரும்பப் போட்டு, மற்ற நான்கு தெரிவுகளும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது முறை சரியாக வந்தால் உங்கள் சிக்கல் வேகம். மறுபடியும் தவறினால் சிக்கல் தர்க்கத்தில். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. தவறுகளைக் கேள்வி வகைப்படி ஒரு நோட்டில் பிரித்து எழுதினால், வாதத்தின் எடுகோளைக் கேட்கும் கேள்விகளா, வாதத்தின் ஓட்டையைக் கேட்பவையா, எதில் தேங்குகிறோம் என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே பார்த்த பழைய வினாத்தாளைத் திரும்ப எழுதினால் வரும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள், அது நினைவாற்றலின் மதிப்பெண்.

கற்றல் குறைபாடு, உடல்நலக் குறைவு உள்ளவர்கள் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்படி எழுதியதற்கான எந்தக் குறிப்பும் மதிப்பெண் அறிக்கையில் இருக்காது.

தேர்வைத் திரும்ப எழுதத் தயங்க வேண்டாம். ஏ.பி.ஏ.-க்குக் கல்லூரிகள் கொடுப்பது உங்களுடைய மிக உயர்ந்த மதிப்பெண்ணை. ஆனால் வரம்பு உண்டு: நடப்பு அறிக்கைக் காலத்துக்குள் (உங்கள் மதிப்பெண்களை எல்சாக் கல்லூரிகளுக்கு அனுப்பும் ஆண்டுகளுக்குள்) 5 முறை, வாழ்நாளில் 7 முறை. ‘எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்’ என்று உண்மைத் தேர்வை ஒத்திகையாக்குவது வீண் செலவு. கடைசி ஐந்தாறு பயிற்சித் தேர்வுகளின் சராசரி இலக்கைத் தொட்ட பிறகு போங்கள். தனியாக எழுத வேண்டிய வாதக் கட்டுரை ஒன்று உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள், முதல் முறை எழுதுபவராக இருந்தால், எல்சாட் மதிப்பெண் வெளிவராமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது விளக்கக் குறிப்பு. ஜி.பி.ஏ. ஏன் குறைந்தது என்று தனித்தாளில் எழுதுவது. அரைப் பக்கம் போதும். எப்போது, ஏன், எப்போது முடிந்தது, முடிந்தது என்பதற்கு ஆதாரம் என்ன, இவ்வளவே. ‘2021 வசந்தப் பருவத்தில் தாயாரின் நோயால் வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன், அந்தப் பருவ ஜி.பி.ஏ. 2.1. வேலையைக் குறைத்த பின் நான்கு பருவங்களில் 3.6’ என்று எழுதினால் படிப்பவருக்குக் கேள்வி மிஞ்சாது. பேராசிரியரைக் குறை சொல்வது, ஐந்து காரணங்களை அடுக்குவது, பாடம் கடினம் என்பது, இவை எல்லாம் எதிராகவே வேலை செய்யும். சொல்லும்படியான காரணம் இல்லை என்றால் எழுதாமல் விடுவதே மேல். முக்கியக் கட்டுரையில் இந்த விஷயத்தை நுழைக்காதீர்கள். அந்த இரண்டு பக்கமும் நீங்கள் யார் என்பதற்கானவை, மதிப்பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல. கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கையோ படிப்பு எச்சரிக்கையோ இருந்து, விண்ணப்பம் அதைக் கேட்டால், மறைக்காமல் எழுதுங்கள். பின்னாளில் வழக்கறிஞர் உரிமம் கேட்கும்போது அதே கேள்விகள் வரும், இரண்டு பதில்களையும் ஒப்பிடுவார்கள்.

இரண்டு எண்களும் குறைந்தவர்கள் என்ன செய்வது? ஓராண்டு பொறுத்து எல்சாட்டை உயர்த்துவதே என் முதல் பரிந்துரை. பொறுக்க முடியாதென்றால் மாலைநேர நான்காண்டுப் படிப்புகளைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் போன்ற பெரிய இடத்திலும் மாலைப் பிரிவு உண்டு. பல கல்லூரிகளில் அந்தப் பிரிவின் எண்கள் பகல் பிரிவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், 509 அறிக்கையிலேயே ஒப்பிடலாம். பல கல்லூரிகள் எல்சாட்டுக்குப் பதில், மேற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.-யையும் ஏற்கின்றன. ஆனால் எல்சாட் எழுதியிருந்தால் அதை மறைக்க முடியாது.

குறைந்த எண்களோடு உங்களை உடனே வரவேற்கும் கல்லூரியிடம் ஒரு படி கூடுதல் சந்தேகம் வேண்டும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள்? பட்டம் பெற்ற இரண்டு ஆண்டுக்குள், தேர்வு எழுதியவர்களில் 75 சதவீதமாவது தேற வேண்டும் என்பது ஏ.பி.ஏ. விதி, அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் கல்லூரி நல்ல அறிகுறி அல்ல. முதலாண்டோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர்? உதவித்தொகை நிபந்தனைக்கு உட்பட்டதா? ‘3.0 இருந்தால் தொடரும்’ என்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் சட்டக் கல்லூரியில் வகுப்பு முழுவதையும் ஒரு வளைவில் வைத்து, அதாவது ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். வளைவின் நடு 2.8-இல் இருந்தால் பாதிப் பேருக்கு மேல் உதவித்தொகை போய்விடும். எத்தனை பேர் இழந்தார்கள் என்ற எண்ணும் 509 அறிக்கையில் இருக்கிறது. ஏ.பி.ஏ. அங்கீகாரம் இல்லாத கல்லூரிகள் கலிஃபோர்னியாவில் உண்டு. அங்கே படித்தவர்களுக்குப் பிற மாநிலங்களில் பெரும்பாலும் பார் தேர்வு எழுத அனுமதி இருக்காது.

பணக் கணக்கும் மாறியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். அதற்கு மேல் தனியார் கடன், அதற்குப் பலருக்குப் பிணை நிற்க ஆள் தேவைப்படும். முழுக் கட்டணம் கட்டிச் சேரும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

சேர்க்கை செப்டம்பரில் திறந்து, இடங்கள் வர வர நிரம்பும். எண்கள் குறைந்தவர்கள் நவம்பருக்குள் அனுப்பிவிடுவது நல்லது. காத்திருப்புப் பட்டியலில் போட்டால், சேர இன்னும் விருப்பம் உண்டு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உயர்ந்த எல்சாட் மதிப்பெண் புதிதாக வந்திருந்தால் உடனே தெரிவியுங்கள், இடைநிலைக் கணக்கு அப்போதும் வேலை செய்யும். அழைப்பு ஜூலை, ஆகஸ்டு வரைகூட வரலாம். அதற்குள் வேறு கல்லூரியில் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்பாது, அந்தத் தொகையைச் செலவாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.