நாய் விற்ற காசு குரைக்கும்

இந்த நாய்க் கண்காட்சி விழாவின் தலைவர் அவர்களே, காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் நின்று ஒவ்வொரு நாயின் வாயையும் திறந்து பல் பார்த்த கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, வெளியூரிலிருந்து வந்திருக்கும் நடுவர் பெருமக்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு, "நாய் அசிங்கம் பண்ணினால் நானே கழுவிவிடுகிறேன்" என்று சொன்ன அண்ணாச்சி அவர்களே, பின்னால் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம். மைக்செட் தம்பியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு கூட்டத்தில் மைக்செட்காரர் பேரை விட்டுவிட்டேன். பாதிப் பேச்சில் என் சத்தம் குறைந்துபோனது. தற்செயல் என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. நாற்பது வருடமாக அவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நாயாவது இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நாய்தான் காரிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் ஒரு குட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அதுதான் அவருடைய வெற்றி.

நான் பேச்சாளன் இல்லை. உரக்கடைக்காரன். மூன்று விஷயம் பேசலாம் என்று துண்டுச்சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, சட்டம் என்ன சொல்கிறது. இரண்டு, வெளிநாட்டு நாய் மோகம். மூன்று, நோட்டு. எந்த நோட்டு என்று பிறகு சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. நாய் விற்ற காசு குரைக்குமா? சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். காசு எப்படி வந்தாலும் காசுதான், அது வந்த வழியைச் சொல்லாது என்று அர்த்தம். நாய் விற்றே பார்க்காத எவனோ கட்டிய பழமொழி அது. நான் விற்றிருக்கிறேன். அந்தக் காசு குரைக்கும். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமான கதை. சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதா என்று தலைவரைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டார்.

1994. அப்போது என்னிடம் ஒரு பெட்டை இருந்தது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தங்கக் கண். ராஜபாளையம் நாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவோம். முந்தைய ஈத்தில் கூடப்பிறந்த ஆண் ஒன்றும் என் வீட்டிலேயே இருந்தது. அதுவும் அதே வெள்ளை. உடம்பில் எங்கேயும் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. வெளியே ஆண் தேடிப் போனால் புள்ளி விழுந்துவிடும் என்று எனக்குப் பயம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புள்ளி விழுந்த குட்டிக்கு விலை கிடையாது. அதனால் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "ரத்தம் சுத்தமா இருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஏழு குட்டி. ஏழும் வெள்ளை. நான் தரையில் நடக்கவில்லை.

குட்டிகளுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது அம்மன் கோயில் பொங்கல் வந்தது. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் வெடிக்குக் கணக்குக் கிடையாது. சப்பரம் என் வாசலுக்கு வந்தபோது பத்தாயிரம் வாலாச் சரம் ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள். தெருநாய் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் போய்விட்டது. என் குட்டிகளும் அடுப்படிக்குள் ஓடி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஒரு குட்டி மட்டும் திண்ணைக் கட்டிலுக்கு அடியில், முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறது. சரம் வெடிக்கிறது, இது தூங்குகிறது. காகிதத் துணுக்கு ஒன்று மூக்கில் வந்து விழுந்தது. கண்ணைத் திறந்து அதை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கய்யா, வெடிக்கு அசையுதா? பன்றி வேட்டைக்குப் போன பரம்பரைய்யா!" சாமி கும்பிட வந்த கூட்டத்தில் பாதி என் திண்ணையில். பூசாரியே எட்டிப் பார்த்து, "இதுக்குச் சூரன்னு பேர் வைங்க" என்றார். செங்கல் சூளை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி அந்த இடத்திலேயே மடியை அவிழ்த்து 2,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மற்ற குட்டிகளை 600, 700 என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சூரனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நானும் பழமொழியை நினைத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் வைத்தேன். குரைக்கவில்லை. அன்றைக்குக் குரைக்கவில்லை.

மூன்றாவது நாள் என் மனைவி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் தவலை கை நழுவிக் கல்லில் விழுந்தது. மிச்சமிருந்த குட்டிகள் துள்ளி ஓடின. ஒன்று ஓடவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தேங்காய் மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் தவலையை எடுத்து, அதன் பின்னால் போய் நின்று, கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அது திரும்பவே இல்லை. என்னைக் கூப்பிட்டாள். "உங்க சூரனோட தைரியம் என்னன்னு தெரிஞ்சு போச்சு" என்றாள்.

செவிடு. அவ்வளவுதான்.

இதை இங்கே இருக்கும் டாக்டர் அம்மாதான் பல வருடம் கழித்து எனக்கு விளங்கவைத்தார். தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். வெள்ளை, இன்னும் வெள்ளை என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் சில குட்டிகளுக்கு உள்காதில் அந்த அணு இல்லாமலே போய்விடும். பிறந்த சில வாரத்துக்குள் உள்ளே சத்தத்தை உணர்கிற மெல்லிய மயிர் உயிரணுக்கள் செத்துவிடும். அப்புறம் வைத்தியம் கிடையாது. புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கும் இதே தொல்லைதான். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்ததில் நூற்றுக்கு முப்பதுக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்கவில்லை. இதில் மோசமானது அந்த ஒற்றைக் காது. ஒரு காது கேட்கிற நாய் கூப்பிட்டால் வரும், தவலை விழுந்தால் ஓடும். வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று இருக்கிற கருவியை வைத்து மூளைக்குப் போகிற மின் அலையைப் பார்த்தால்தான் தெரியும். நாம் அதை நல்ல நாய் என்று நினைத்து இணை சேர்த்துக்கொண்டே இருப்போம்.

சரி, சூரன் கதைக்கு வருகிறேன். தவலை விழுந்த அன்றே நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போயிருக்க வேண்டும். அண்ணாச்சி, இந்தக் குட்டிக்கும் காது கேட்காது போலிருக்கிறது, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. ஒரு வேளை அதற்குக் கேட்குமோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அவரே கடைக்கு வந்தார். கையில் தோல் பட்டை ஒன்று, நாய்க் கழுத்துப் பட்டை. சூளையில் டிராக்டர் பின்னால் வந்திருக்கிறது. இது டயருக்குப் பக்கத்தில் நிழலில் படுத்திருந்திருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறான். எல்லாரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. பட்டையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

இத்தனை வருடமாகக் குரைக்கிறது அந்த 2,000 ரூபாய்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு 2017இல் விதிகள் போட்டது. குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அடையாளத்துக்கு நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும், பதிவேடு வைத்திருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் யார் யார் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். வேண்டாம், மேடையில் இருப்பவர்களுக்கும் சங்கடம். பதிவேடு என்று ஒரு சொல் சொன்னேன் பாருங்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் நோட்டு அதுதான்.

இங்கிலாந்துக்காரன் 1859இல் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடத்தினான். 1873இல் லண்டனில், நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் வந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் உயரம் இவ்வளவு, வால் இப்படி, காது இப்படி என்று தர வரையறை எழுதி வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுதியதெல்லாம் நாய்க்கு. வளர்க்கிறவனுக்கு எந்த வரையறையும் இல்லை. விளைவு, மூஞ்சி சப்பையாகிச் சப்பையாகிப் பக் நாய் மூச்சுவிடத் திணறுகிறது. அங்கே பத்தாயிரம் பக் நாய்களின் வம்சாவளியை ஆராய்ந்து பார்த்தால், மரபு வேற்றுமையில் அது ஐம்பது நாய்க்குச் சமம் என்று கண்டுபிடித்தார்கள். 2008இல் பிபிசி இதையெல்லாம் படமாக்கி நாட்டுக்கே காட்டிய பிறகுதான் அந்த கிளப், அண்ணன் தங்கை, அப்பா மகள் சேர்க்கையில் பிறந்த குட்டியைப் பதிய மாட்டோம் என்று 2009இல் முடிவெடுத்தது. நூற்று முப்பத்தாறு வருடம்! அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டியின் மரபணுவில் சராசரியாக 25 சதவீத இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே பிரதி வந்து உட்காரும். ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை வெளியே தெரியாத கோளாறு அப்போது வெளியே வரும். கணக்கு அவ்வளவு எளிது. 1994இல் எனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

"வெளியே கலந்தால் ஜாதி கெட்டுவிடுமே" என்று ஒரு பெரியவர் காலையில் என்னிடம் கேட்டார். முதலில், ஜாதி என்ற சொல்லை நாயோடு நிறுத்திக்கொள்வோம். (கைதட்டுகிறீர்கள், நன்றி. வீட்டுக்குப் போயும் தட்டுங்கள்.) அந்தப் பெரியவருக்கு டால்மேஷன் கதையையே பதிலாகச் சொல்கிறேன். சுத்த டால்மேஷன் ஒவ்வொன்றுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம், கல் அடைக்கிற அபாயம் உண்டு. இனம் முழுக்கத் தேடியும் கோளாறு இல்லாத நாய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் அமெரிக்காவில் ஒரு டால்மேஷனை பாயின்டர் நாயோடு ஒரே ஒரு தடவை சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடேயே சேர்த்துக்கொண்டு வந்தார். புள்ளி திரும்பி வந்தது, கல் வரவில்லை. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வழி நாய்களை முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011இல். முப்பத்தெட்டு வருடம் சண்டை. அவருக்குத் துணையாக இருந்தது எது? எந்த நாய்க்கு எந்த நாய் என்று ஒவ்வொரு ஈத்தையும் எழுதி வைத்த பதிவு. நோட்டு!

நம் நாய்களுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. 2005இல் தபால்தலை வந்தது, ராஜபாளையம் அதில் இருக்கிறது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோலையும் தனி இனமாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாய்களின் பேரைச் சொன்னார். அடுத்த ஒரு மாதம் என் போன் ஓயவில்லை. எல்லாருக்கும் குட்டி வேண்டும், ஒருவருக்கும் தாய் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாம். எங்கெங்கோ பிறந்த வெள்ளைக் குட்டியெல்லாம் ராஜபாளையம் ஆனது. எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

முதோலுக்குப் பக்கத்தில் திம்மாபூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகமே நாய் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும், காது சோதிக்கிற கருவியோடு வேண்டும். மனு எழுதியிருக்கிறேன், வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அது வருகிறபோது வரட்டும். நோட்டுக்கு அரசாங்கம் தேவையில்லை. என் உரக்கடையில் 1987லிருந்து கடன் நோட்டு இருக்கிறது. எந்தச் சம்சாரி எத்தனை மூட்டை யூரியா வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று இன்றைக்கும் சொல்வேன். அவர்களில் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். யூரியாவுக்கு நோட்டு வைத்த நான் நாய்க்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் சூரனுடைய தாய்வழிப் பாட்டன் யார், அவனும் அதே வீட்டு நாய்தானா என்று இன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது விஷயம், வெளிநாட்டு நாய் மோகம், துண்டுச்சீட்டில் அப்படியே இருக்கிறது. சாம்பார் வாசனை வந்துவிட்டது. அருப்புக்கோட்டை வெயிலில் சைபீரியன் ஹஸ்கி வளர்க்கிறவரை அந்த நாயே பார்த்துக்கொள்ளும்.

நுழைவாயில் மேசையில் 96 பக்க நோட்டு இருநூறு வைத்திருக்கிறேன், காசு வேண்டாம். ஒரு ஈத்துக்கு ஒரு பக்கம். தாய், தகப்பன், இரண்டுக்கும் என்ன உறவு, குட்டி எத்தனை, எந்த நிறம், எது செத்தது, எதற்குக் காது கேட்கவில்லை, யாரிடம் போனது. செவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதுங்கள். வாங்க வருகிறவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், தாயையும் காட்டுங்கள். இதைச் செய்யாதவரிடம் குட்டி வாங்காதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி. மாதிரிக்கு என் நோட்டின் முதல் பக்கத்தைப் படிக்கிறேன். நினைவிலிருந்து போன வருடம்தான் எழுதினேன்.

"பங்குனி, 1994. தாய், என் வீட்டு வெள்ளை. தகப்பன், அவளுடைய கூடப்பிறந்தவன். குட்டி ஏழு. ஏழும் வெள்ளை. செவிடு இரண்டு. ஒன்று வீட்டில் வைத்துக்கொண்டது, பதினோரு வயது இருந்தது, மனைவியின் கை அசைவுக்கு வரும். ஒன்று செங்கல் சூளைக்கு விற்றது, 2,000 ரூபாய். வாங்கியவரிடம் சொல்லவில்லை."

நன்றி, வணக்கம்.