கடைசி நிமிடத்தை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது: பேசர்ஸ் பிளேஆஃபும் என் ஃபயர்ஃபாக்ஸும்

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போன வீடியோவில் என் லேப்டாப் ஸ்கிரீனைக் காட்டினேன் இல்லையா, அதில் வலது மூலையில் குட்டியாக ஒரு பேஸ்கட்பால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன, எந்த பிரவுசர், இடது பக்கம் வெறும் ஐகானாக வரிசையாக நிற்பது என்ன என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அது ஃபயர்ஃபாக்ஸ். மேட்ச், 2025 என்பிஏ பிளேஆஃபில், அதாவது அமெரிக்க பேஸ்கட்பால் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகளில், எங்கள் ஊர்க் குழு இண்டியானா பேசர்ஸ் ஆடியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை நடக்கும், முதலில் நாலு ஜெயிப்பவர் மேலே போவார். இரண்டையும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன், ஏனென்றால் பேசர்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் நான் பிரவுசரை மாற்றியிருக்கவே மாட்டேன்.

நாங்கள் இருப்பது கார்மல், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே. சிக்னலுக்குப் பதிலாக எங்கே பார்த்தாலும் ரவுண்டானா இருக்கும் ஊர். இங்கே யார் வீட்டு டிரைவ்வேயைப் பார்த்தாலும் ஒரு பேஸ்கட்பால் ஹூப் நிற்கும். வந்த புதிதில் எனக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. இப்போது ஏப்ரல் வந்தால் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

சரி, முதலில் பிரச்சினை என்ன என்று சொல்கிறேன். எனக்குப் பல நாள் ராத்திரி வேலை இருக்கும், மாடி அறையில் ஆபீஸ் லேப்டாப் ஒரு பக்கம், என் சொந்த லேப்டாப் ஒரு பக்கம். மேட்சை ஸ்ட்ரீமில்தான் பார்க்க முடியும். ஸ்ட்ரீம் என்பது நேரலை என்று பெயர்தான், உண்மையில் அரை நிமிடம் பின்னால் ஓடும், சில நாள் அதற்கும் மேல். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, சர்வர் சர்வராக அனுப்பி, நம் பிளேயர் இரண்டு மூன்று துண்டைக் கையிருப்பாக வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும், நடுவில் நிற்காமல் இருப்பதற்காக. ஆனால் ஸ்கோர் என்பது நாலு எழுத்து, அது ஓரிரு விநாடியில் உலகம் முழுக்கப் போய்விடும். ஆக என் கண்ணுக்கு மேட்ச் வருவதற்கு முன்னால் என் ஸ்கிரீனுக்கு ரிசல்ட் வந்துவிடும். இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிற குழுவாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. பேசர்ஸ் அப்படிப்பட்ட குழு இல்லை, அந்த வருடம் அவர்கள் மேட்ச் எல்லாம் கடைசி நிமிடத்தில்தான் ஆரம்பித்தது என்றே சொல்லலாம்.

ஏப்ரல் 29, முதல் சுற்று, மில்வாக்கி பக்ஸோடு ஐந்தாவது ஆட்டம். சமன் ஆனதால் ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். நாற்பது விநாடி போல மிச்சம், நாம் ஏழு புள்ளி பின்னால், 111-118. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது ஸ்கிரீன் ஓரத்தில் டிங் என்று ஒரு பெட்டி, ஏதோ ஒரு செய்தித் தளத்தின் நோட்டிபிகேஷன்: பேசர்ஸ் 119-118 வெற்றி. அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நான் பார்த்தது எல்லாம் ஏற்கெனவே சொல்லப்பட்ட கதை. பக்ஸ் ஆட்டக்காரர் கையிலிருந்து பந்து நழுவி வெளியே போனதும் சரி, எங்கள் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்ட்டன் நேராக உள்ளே புகுந்து ஒரு விநாடி சொச்சம் இருக்கும்போது வளையத்துக்குப் பக்கத்திலிருந்தே பந்தைப் போட்டதும் சரி, எனக்கு மூச்சு நிற்கவே இல்லை. வாழ்க்கையில் திரும்ப வராத ஒரு நிமிடம் அது, ஜெயித்தும் அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று ராத்திரியே பிரவுசரை மாற்றினேன். அதே நாள்தான் ஃபயர்ஃபாக்ஸ் 138 வந்திருந்தது, பல டேப்களை ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் டேப் குரூப் வசதியோடு. நான் அதைத் தேடிப் போகவில்லை, தானாக அமைந்தது.

ஏன் ஃபயர்ஃபாக்ஸ் என்று கேட்பவர்களுக்குச் சின்னதாக ஒரு விளக்கம். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, இவை எல்லாம் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே ஓடுவது குரோமில் இருக்கும் அதே பிளிங்க் எஞ்சின், அதாவது இணையப் பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் பகுதி. ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ என்று சொந்த எஞ்சின். பின்னால் இருப்பது மொஸில்லா, அதன் மேலே ஒரு லாப நோக்கமற்ற அறக்கட்டளை. முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. தமிழிலேயே மெனு எல்லாம் வைத்துக்கொள்ளலாம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. அதற்காக எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக வருவது, அது எனக்குக் கவலைதான். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிமுறை என்று ஒன்றை எழுதி, அதன் வாசகத்தைப் பார்த்துப் பழைய பயனர்களே கொதித்து, அப்புறம் திருத்தினார்கள். கேட்டுத் திருத்தினார்கள் என்பதால் இருந்துவிட்டேன்.

இப்போது நான் என்னென்ன செய்தேன் என்று வரிசையாக இல்லாமல், எது உண்மையில் உதவியதோ அதைச் சொல்கிறேன். முதல் வேலை, அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், அனுமதிகள் என்று இருக்கும் இடத்தில், நோட்டிபிகேஷன் கேட்கும் எல்லாத் தளத்தையும் மொத்தமாகத் தடுத்தேன். ஒரு டிக் அடிப்பதுதான். அதற்குப் பக்கத்திலேயே தானாக ஓடும் வீடியோவுக்கும் தடை இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை, படத்தையும் சேர்த்து நிறுத்து என்று வைத்தேன். விளையாட்டுச் செய்தித் தளங்களில் இது ரொம்ப முக்கியம், நீங்கள் அணிப் பட்டியல் பார்க்கப் போனால் அங்கே நேற்றைய கடைசி ஷாட் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் யூபிளாக் ஆரிஜின். விளம்பரத் தடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் பக்கத்தின் ஒரு பகுதியைத் தொட்டு மறைக்கிற வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. பக்கத்தின் மேலே ஓடுகிற ஸ்கோர் பட்டையின் மேல் ரைட் கிளிக் செய்து, அதை மறை என்றால், அந்தத் தளத்தில் அது இனி வராது. நான் அடிக்கடி போகும் நாலு தளத்திலும் ஸ்கோர் பட்டையை எடுத்துவிட்டேன். குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான, அதாவது இப்படிப் பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்களுக்கான விதி மாறியதில் இந்த முழு யூபிளாக் அங்கே வேலை செய்யாமல் போய்விட்டது, லைட் என்று ஒரு சுருக்கப் பதிப்புதான் மிச்சம். ஃபயர்ஃபாக்ஸ் பழைய விதியையும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனிலும் இதையே போடலாம்.

அடுத்ததை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டேபின் தலைப்பிலேயே ஸ்கோர் மாறும் தளங்கள் உண்டு! பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், மேலே பார்த்தால் போதும். அதற்குத்தான் அந்த இடது பக்க ஐகான் வரிசை. 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து டேப்களை செங்குத்தாக வைக்கலாம், அதைச் சுருக்கினால் ஐகான் மட்டும் தெரியும், தலைப்பு தெரியாது. பேசர்ஸ் சம்பந்தப்பட்டதை எல்லாம் மஞ்சள் நிறத்தில் ஒரு குரூப்பாகப் போட்டு, மேட்ச் தொடங்கியதும் அதை மடித்துவிடுவேன்.

மூலையில் ஓடும் அந்தக் குட்டி விண்டோவுக்குப் பெயர் பிக்சர்-இன்-பிக்சர். வீடியோ மேல் மவுஸை வைத்தால் ஒரு சின்னப் பட்டன் வரும், அழுத்தினால் வீடியோ தனியாகப் பிரிந்து மற்ற எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும். ஸ்ட்ரீம் அனுமதித்தால் இடது அம்புக்குறியைத் தட்டினால் ஐந்து விநாடி பின்னால் போகும். முதல் தடவை மட்டும் டிஆர்எம் வீடியோவை, அதாவது நகலெடுக்க முடியாதபடி பூட்டிய வீடியோவை இயக்கவா என்று மேலே ஒரு பட்டை கேட்கும், ஆம் என்று சொல்லாவிட்டால் கறுப்புத்திரைதான்.

அந்த ஐந்து விநாடியின் அருமை எனக்கு மே 21 அன்று தெரிந்தது. மூன்றாவது சுற்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்த ஊர்க் குழு நிக்ஸோடு முதல் ஆட்டம். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நாம் பதினாலு புள்ளி பின்னால். எங்கள் ஏரன் நெஸ்மித் நாலாவது குவார்ட்டரில் மட்டும் ஆறு த்ரீ (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிற மூன்று புள்ளி ஷாட்) போட்டார், ஒவ்வொன்றும் போடும்போது இத்தோடு முடிந்தது, அடுத்தது போகாது என்றே நினைக்கிறேன், போகிறது. கடைசியில் ஹாலிபர்ட்டன் பின்வாங்கி எறிந்த பந்து ரிம்மின் பின்பக்கம் பட்டு, நேராக மேலே எழும்பி, அங்கேயே நின்ற மாதிரி நின்று, அப்புறம் உள்ளே விழுந்தது. அவர் அது மூன்று புள்ளி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, 1994இல் பேசர்ஸின் பழைய நட்சத்திரம் ரெஜி மில்லர் இதே அரங்கில் செய்த மாதிரி கழுத்தைப் பிடித்துக் காட்டினார். அந்த ரெஜி மில்லரே வர்ணனையாளராக அங்கே உட்கார்ந்திருக்கிறார்! நான் ஐந்து ஐந்து விநாடியாகப் பின்னால் போய் நிறுத்திப் பார்த்தேன், ஷூவின் நுனி அந்த வளைகோட்டின் மேல் இருக்கிறது. இரண்டு புள்ளிதான், 125-125. ஓவர்டைமில் 138-135 என்று ஜெயித்தோம். நடுவர்கள் சொல்வதற்கு முன்னால் அந்தக் கால்நுனியை நானே கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஆனால் பிரவுசரால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு, கீழே ஹாலில் டிவி பார்க்கும் என் வீட்டுக்காரர். அதற்கு முந்தின சுற்றில், மே 6, கிளீவ்லாந்தோடு இரண்டாவது ஆட்டம், ஹாலிபர்ட்டன் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைத் தானே பிடித்து, வெளியே வந்து, 1.1 விநாடி மிச்சம் இருக்கும்போது த்ரீ போட்டு 120-119 என்று ஆக்கியதை அவர் போட்ட சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். கோபித்துக்கொண்டேன், உண்மையாகவே. இனி சத்தம் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஜூன் 5, இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம், ஓக்லஹோமா சிட்டி தண்டரோடு. எனக்கு அன்றைக்கு ஆபீஸில் சாப்ட்வேர் ரிலீஸ் வேலை, நகர முடியாது. கீழே அவர் கூரை ஆன்டெனாவில் பார்க்கிறார், அதில் தாமதம் கிட்டத்தட்டக் கிடையாது. முதல் பாதியிலேயே பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தது (டர்ன்ஓவர்) பத்தொன்பது தடவை, நாலாவது குவார்ட்டரில் பதினைந்து புள்ளி வரை பின்னால் இருந்து, எப்படியோ பிடித்து, கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசம். என் ஸ்ட்ரீமில் பந்து இன்னும் தண்டர் கையில்தான் இருக்கிறது. அப்போது கீழே ஒரு நாற்காலி தரையில் வேகமாக நகரும் சத்தம். அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. போட்டிருந்தால் கத்தியிருப்பாரே, இல்லை வாக்குக்காக அடக்கிக்கொண்டிருக்கிறாரா? அந்த அரை நிமிடம் என் கை ஜில்லென்று ஆகிவிட்டது. தண்டரின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் எறிந்தது போகவில்லை, நெஸ்மித் பிடித்தார், எங்கள் கோச் ரிக் கார்லைல் டைம்அவுட் கேட்கவில்லை, ஹாலிபர்ட்டன் ஓடி வந்து நின்று எறிந்தார். 111-110, மிச்சம் 0.3 விநாடி. அந்த ஆட்டத்தில் பேசர்ஸ் முன்னால் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படியில் ஓடினேன், அவர் எங்கள் பையனின் வாயைப் பொத்திக்கொண்டு படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, நானும் கீழேதான் இருந்தேன், பிரவுசர் தேவைப்படவில்லை. ஐந்தாவது ஆட்டத்திலேயே ஹாலிபர்ட்டனுக்கு வலது கெண்டைக்காலில் பிடிப்பு. அதோடு ஆடி, முதல் குவார்ட்டரிலேயே மூன்று த்ரீ போட்டார். அப்புறம் யாரும் தொடாமலேயே விழுந்தார், கையால் தரையை அடித்தார், எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கும் அகிலிஸ் நாண் கிழிந்துவிட்டது. 103-91 என்று தோற்றோம். அதற்காகக் குழு மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, எங்கள் டி.ஜே. மெக்கானல் எல்லாம் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். அடுத்த சீசன், அதாவது 2025-26 முழுக்க ஹாலிபர்ட்டன் ஆட மாட்டார் என்று அப்புறம் அறிவித்தார்கள், எங்கள் குழுவின் மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போய்விட்டார்.

அந்த மஞ்சள் குரூப்பை நான் அழிக்கவில்லை. குரூப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘சேமித்து மூடு’ என்று இருக்கும், அதைச் செய்தேன், இனி எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். உள்ளே ஏழு டேப், ஒன்றில் அந்த 0.3 விநாடி வீடியோ. இதில் எதையாவது செய்து பார்க்கும்போது மாட்டிக்கொண்டால் சொல்லுங்கள், ஸ்கோர் பட்டையை மறைப்பதைத் தனியாக ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து போடுகிறேன். வெளியே டிரைவ்வேயில் பந்து தட்டும் சத்தம் கேட்கிறது பாருங்கள், பையன் ரிம்மில் பட்டு மேலே எழும்பி விழுகிற மாதிரியே போட வேண்டும் என்று ஒரு மாதமாக எறிந்துகொண்டிருக்கிறான். ரீபவுண்ட் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம், நான் போகிறேன்.