பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நல்ல காரியம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓசூர் 2019-ஆம் ஆண்டு மாநகராட்சி ஆனது. அதற்கு ரொம்ப காலம் முன்பே, சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்தே, அது பிழைப்புத் தேடி வந்தவர்களின் ஊராகிவிட்டது. தருமபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஒடிசா, பீகார் குடும்பங்களும் நிறைய. அம்மா ஒரு கம்பெனியில், அப்பா இன்னொரு கம்பெனியில். சிலர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

கிராமத்தில் வளர்கிற பிள்ளைக்கு அடுத்தவருக்கு உதவி செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றும். மாரியம்மன் பண்டிகைக்கு மாவிலை பறித்துக்கொண்டு வரும். துக்க வீட்டில் நாற்காலி எடுத்துப் போடும். மூன்றாவது மாடியில், கதவைச் சாத்திய வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தானாகக் கிடைப்பதில்லை. பெற்றோர்தான் ஏற்பாடு செய்து தரவேண்டியிருக்கிறது. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். "டீச்சர், ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகள் போனும் கையுமாக இருக்கிறார்கள். குடும்பமாகப் போய் ஏதாவது நல்ல காரியம் செய்யலாம் என்று பார்க்கிறோம். எங்கே போவது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கேட்கும்போதே மனசு நிறைந்துவிடுகிறது.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எங்கே போனாலும் அங்கே உங்கள் பிள்ளைக்கு என்று ஒரு வேலை இருக்க வேண்டும். அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால், "ஏன் வரலை?" என்று யாராவது கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். பெரியவர்கள் வேலை செய்ய, பிள்ளை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் இரண்டாவது வாரம் வீட்டைவிட்டே கிளம்பாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்துக்குப் போய் கேக் வெட்டுவதும் பிரியாணி போடுவதும்தான். சோறு போடுவது புண்ணியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இல்லத்துப் பிள்ளையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். முன்பின் தெரியாதவர்கள் வருகிறார்கள், வரிசையில் நிற்கவைக்கிறார்கள், கை தட்டச் சொல்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வேறு ஒரு குடும்பம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வேறு போடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அவர்களின் முகம் தெரிகிற படத்தைப் போடுவது சட்டப்படியே தவறு. ஆகவே சாப்பாடு கொடுக்க விரும்பினால் இல்லத்து நிர்வாகியிடம் கேட்டு, அவர்களுக்கு எந்த நாளில் எது தேவையோ அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குடும்பத்தோடு செய்வதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஏரியில் இருந்து ஆரம்பிக்கலாம். ஓசூருக்கு நடுவிலேயே ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த ஏரிக்கரையிலும் பிளாஸ்டிக் பையும் டீ கப்பும் கிடக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கரையில் கிடப்பதில் எவையெல்லாம் தடை செய்யப்பட்ட பொருள் என்று எண்ணி நோட்டில் எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை அவ்வளவு கவனமாகச் செய்யும். குப்பை பொறுக்குகிற பெரியவர்களை, "அப்பா, அதை எண்ணாமல் மூட்டையில் போடாதீங்க" என்று அதட்டும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பல குழுக்கள் இதில்தான் கோட்டை விடுகின்றன. சேர்ந்த மூட்டைகளை யார் எடுத்துப் போவார்கள் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மாநகராட்சி என்றால் உங்கள் வார்டின் துப்புரவு மேற்பார்வையாளரிடமும், கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகத்திலும் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கட்டிவைத்த மூட்டை கரையிலேயே கிடக்கும். நாய்கள் இழுத்துக் கிழித்துப் போடும். அடுத்த மழைக்கு அத்தனையும் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம், பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு விடுங்கள். கையுறை கட்டாயம். உடைந்த பாட்டில், ஊசி எதைப் பார்த்தாலும் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். தண்ணீருக்குள் யாரும் இறங்க வேண்டாம். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் பெங்களூர்க் கழிவு கலந்து நுரை பொங்குகிற நாட்களில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகவே வேண்டாம்.

அதே ஏரியில் குப்பையைத் தொடாமல் செய்கிற வேலை ஒன்றும் இருக்கிறது. எனக்கு இதில் தனிப் பிரியம். பறவைக் கணக்கெடுப்பு. பொங்கலை ஒட்டிய விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. கட்டணம் கிடையாது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவை எது, எத்தனை என்று எழுதி இ-பேர்டு என்ற செயலியில் ஏற்றினால் போதும். வலசை வருகிற பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று ஆராய்கிறவர்களுக்கு இப்படிச் சாதாரண மக்கள் கொடுக்கிற கணக்கு பெரிய ஆதாரம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று எண்ணிய காக்கைக்கும் மைனாவுக்கும்கூட அங்கே இடமுண்டு.

பெயர் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஏரிக்கு நாலு முறை போனால் பத்துப் பறவையாவது பழகிவிடும். கறுத்த உடம்பும் வெள்ளை நெற்றியுமாக நீந்துவது நாமக்கோழி. சட்டென்று முங்கி எங்கேயோ தள்ளி எழுவது முக்குளிப்பான். சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு கட்டையில் உட்கார்ந்திருப்பது நீர்க்காகம். நீங்கள் நடந்து போனாலே ஊரைக் கூட்டுவது ஆட்காட்டி. இதில் பிள்ளைகளின் கண் நம்மைவிடக் கூர்மை. நாம் பத்து என்று சொல்லும்போது அவர்கள் புல்லுக்குள் இன்னும் மூன்று இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். வயதான பாட்டியும் வரலாம், நாற்காலி போட்டுக்கொண்டு எண்ணலாம். மூன்று தலைமுறையும் சேர்ந்து செய்கிற தொண்டு வேறு எத்தனை இருக்கிறது?

அடுத்தது, எனக்கு நேரடியாகத் தெரிந்த வேலை. சிப்காட் பக்கத்துக் குடியிருப்புகளில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்கிறார்கள். தமிழ் பேச மூன்று மாதத்தில் வந்துவிடும், படிக்க வராது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இவர்களோடு உட்கார்ந்து வாசிப்பதற்கு பி.எட். படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு குடும்பம் போதும்.

ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை இதை எப்படிச் செய்தாள் என்று சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு அவள் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டிகளில் மாட்டியிருக்கும் ஊர்ப்பலகைகளைப் போல அட்டையில் எழுதிக்கொண்டு வந்தாள். தளி, பாகலூர், மத்திகிரி, சூளகிரி, ராயக்கோட்டை. அட்டைகளைத் தரையில் பரப்பிவிட்டு, "இப்ப நீ கண்டக்டர். எந்த வண்டி வருதுன்னு கூவு" என்றாள். தளி இரண்டே எழுத்து, உடனே வந்துவிட்டது. ராயக்கோட்டையில் 'க்' எங்கே போச்சு என்று இரண்டு பேருக்கும் சண்டை. ளகரமும் லகரமும் அந்தப் பையனுக்குத் தளியிலும் பாகலூரிலும்தான் பிரிந்தது. பதிலுக்கு அவன் அவளுக்கு ஒடியாவில் எண்ணச் சொல்லிக்கொடுத்தான். ஏக, துய், தினி, சாரி என்று அவள் வீடு வரைக்கும் எண்ணிக்கொண்டே போனாளாம். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு இந்த யோசனை தோன்றியதே இல்லை. பிள்ளைக்குப் பிள்ளைதான் நல்ல வாத்தியார்.

இப்படி ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ பள்ளி மேலாண்மைக் குழுவையோ பாருங்கள். அவர்கள் சொல்கிற இடத்தில், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி நடத்துங்கள். எந்தக் குழந்தையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. இதில் தாட்சண்யமே கூடாது. படிக்க வந்த பிள்ளை திடீரென்று வராமல் நின்று, வேலைக்குப் போவதாகவோ கல்யாணப் பேச்சு நடப்பதாகவோ கேள்விப்பட்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நின்றபாடில்லை. சொல்கிறவர் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள்.

கிளை நூலகங்களையும் மறந்துவிடாதீர்கள். நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் கொடுக்க 'நூலக நண்பர்கள்' என்ற திட்டம் இருக்கிறது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வருவதோடு நிற்காமல், கண் சரியாகத் தெரியாத ஒரு தாத்தாவுக்கு உங்கள் பையன் பத்துப் பக்கம் சத்தமாக வாசித்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் லாபம்.

ஊர்ப்புறம் போய்வர வசதி உள்ளவர்களுக்கு இன்னொன்று. நம் மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கும், புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கும் நட்ட கற்கள் இன்றும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய மண் இது. சொந்த ஊருக்குப் போகும்போது அங்கே உள்ள நடுகல்லைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். டேப் வைத்து உயரம் அகலம் அளந்து, கையில் வில்லா வாளா, காலடியில் மாடா நாயா என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். இடத்தைக் குறித்துப் படம் எடுத்துக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஏற்கெனவே தெரிந்த கல்லாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் நிற்கிறது என்ற செய்தியே உதவும். தயவு செய்து கல்லைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், இருக்கிற இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். ஊர் மக்கள் அதைச் சாமியாகக் கும்பிட்டால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில் கொட்டை பொறுக்கி ஏரிக்கரையில் விதைக்கலாம். பனை வேர் நேராகக் கீழே இறங்குவதால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட முடியாது. நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்துவிட வேண்டும், எட்டுப் பத்து அடி இடைவெளி விட்டு. மண்ணுக்கு மேல் இலை தெரிய மாதக்கணக்கில் ஆகும், பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தோண்டிப் பார்ப்பார்கள்.

ரத்த தானத்துக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கும்போது பிள்ளையையும் முகாமுக்கு அழைத்துப் போங்கள். கொடுத்து முடித்தவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் நீட்டுகிற வேலையை அங்கே கேட்டு வாங்கிக் கொடுங்கள். பதினெட்டு வயதில் ஊசிக்குப் பயப்பட மாட்டார்கள்.

இதில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செய்யப் போனால் தீபாவளிக்குள் சோர்ந்துவிடுவீர்கள். ஆறு மாதத்துக்கு அதே ஏரி, அதே பிள்ளைகள், அதே தாத்தா என்று போங்கள். ஒரு ஞாயிறு காய்ச்சல் என்றாலோ ஊருக்குப் போவதென்றாலோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் புரிவது அப்படித்தான்.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு வந்ததும், "இனி இதெல்லாம் வேண்டாம், பரீட்சை முடியட்டும்" என்று நிறுத்திவிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை போனதை மாதம் ஒருமுறை ஆக்கிக்கொள்ளுங்கள், முழுக்க நிறுத்தாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வெளியே போய் வந்ததால் மதிப்பெண் குறைந்த மாணவரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

வணக்கம்.