பெயர் சொல்லி மன்றாடுவோம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு என் ஸ்தோத்திரங்கள்.

தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேல் மக்கள் கேட்டபோது, வாழ்நாள் முழுவதும் தங்களுக்காக உழைத்த சாமுவேலிடம், நீர் கிழவராகிவிட்டீர், உம்முடைய பிள்ளைகளும் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்த மக்களிடம்தான் அவர், உங்களுக்காக நான் விண்ணப்பம் செய்யாமல் இருந்தால் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தவனாவேன் என்கிறார் (1 சாமுவேல் 12:23). தம்மை ஒதுக்கியவர்களுக்காக ஜெபிப்பதை அவர் மனம் இளகும் நாளுக்கென்று தள்ளிவைக்கவில்லை. செய்யாமல் விட்டால் கணக்குக் கொடுக்க வேண்டிய கடமையாகவே அதை எடுத்துக்கொண்டார்.

பிறருக்காக மன்றாடுவதை நாம் பெரும்பாலும் உள்ளத்தில் பாரம் வரும் நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு, மகனுக்கு நாளைக்கு ஆபரேஷன், ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கட்டாயம் ஜெபிக்கிறோம் என்று மனதாரத்தான் சொல்கிறோம், ஆனால் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெயர் நினைவை விட்டுப் போய்விடுகிறது. நம்மிடம் அன்பு குறைவாக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அந்த அன்புக்கு ஒரு நேரமும் ஓர் ஒழுங்கும் நாம் கொடுக்கவில்லை.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரின் சரித்திரத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். விசுவாசத்தின் நிமித்தம், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவிலிருந்து தப்பி வந்தவர்கள், 1722 முதல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறினார்கள். உபத்திரவத்தைச் சேர்ந்து தாங்கியவர்களே சில ஆண்டுகளில் உபதேச வேறுபாடுகளால் ஒருவரோடொருவர் சச்சரவு செய்து பிளவுபட்டு நின்றார்கள். 1727 ஆகஸ்டில் அவர்கள் ஒப்புரவானபின், 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணி நேரத்தையும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு இடைவிடாமல் ஜெபிக்க உடன்படிக்கை செய்தார்கள். அந்தச் சங்கிலி ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததாகச் சபை வரலாறு சொல்கிறது. இத்தனை காலமும் அவர்களில் ஒவ்வொருவருக்கும் தினமும் உள்ளம் பொங்கியிருக்குமா? உறக்கம் அழுத்திய இரவுகளும் வறண்ட நாட்களும் இருந்திருக்கும். ஆனாலும் தனக்குரிய மணி நேரம் வந்தபோது முழங்காலிட்டார்கள். 1732-இல் அங்கிருந்து முதல் மிஷனரிகள் கரீபியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். 1760-இல் அந்தச் சபையார் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று வயது வேறுபாடின்றி எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். வியாதிப்பட்டோர், விதவைகள், வேலை தேடும் வாலிபர், அயல்நாட்டில் தனித்திருப்போர் எனக் கிழமைக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, பெயரையும் தேவையையும் தேதியோடு எழுதுங்கள். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று மொத்தமாக முடிப்பது எளிது. ஆனால் பிரதான ஆசாரியனாகிய ஆரோன், இஸ்ரவேலின் பன்னிரண்டு பெயர்களும் வெட்டப்பட்ட கற்களைத் தோளிலும் மார்பிலும் சுமந்தே தேவ சந்நிதிக்குள் போனார் (யாத்திராகமம் 28). எழுதிய பெயருக்கு உரியவரைச் சில நாள் கழித்துப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். அந்த விசாரிப்பில்லாத ஜெபம் பாதி ஜெபம்தான் என்பது என் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் குடும்பப் பிரச்சினையை நான்கு பேருக்குப் பரப்புகிற வழக்கம் நம் ஐக்கியங்களில் உண்டு. நம்பிச் சொல்லப்பட்டதை ஆண்டவரிடம் மட்டுமே கொண்டுபோங்கள்.

யோபுவைத் தங்கள் வார்த்தைகளால் புண்படுத்திய மூன்று நண்பர்களும் அவரிடமே போய், அவருடைய ஜெபத்தைப் பெற வேண்டும் என்று தேவன் கட்டளையிட்டார். அந்தச் சிநேகிதருக்காக யோபு வேண்டுதல் செய்தபோதே அவருடைய சிறையிருப்பு, அதாவது அவர் பட்ட துன்ப நிலை, மாறியது (யோபு 42:10). ஆதலால் இன்றிரவு நோட்டைத் திறந்ததும், உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவருக்காக என்ன கேட்பது என்று தோன்றாவிட்டால், அவருடைய பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் அவருடைய பெற்றோர், அவர் அடைக்க வேண்டிய கடன் என்று உங்களுக்குத் தெரிந்த தேவைகளிலிருந்து தொடங்குங்கள்.