ஹோட்டலே மேடைன்னா: ஹாரோகேட் ஸ்வானும் 13 நிமிஷக் கணக்கும்

வணக்கம் மக்களே. இன்னிக்கு இம்மர்ஸிவ் தியேட்டர். மேடை கிடையாது, ஸீட் கிடையாது. பார்க்க வந்தவங்க கதை நடக்குற அறைக்குள்ளேயே நடமாடுவாங்க. அதை ஒரு பழைய நீர்ச்சிகிச்சை ஹோட்டல்ல எப்படிப் போடுறதுன்னு பார்ப்போம்.

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் ஹாரோகேட், கந்தகத் தண்ணிக்குப் பேர்போன ஊரு. இப்ப ஓல்டு ஸ்வான்னு இருக்கிற ஹோட்டல் அப்ப ஸ்வான் ஹைட்ரோபதிக், அதாவது நீர்ச்சிகிச்சை ஹோட்டல். 1926 டிசம்பர் 3 ராத்திரி வீட்டை விட்டுப் போன துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியை நாடே தேடுச்சு. அவங்களோ ‘திருமதி தெரேசா நீல், கேப் டவுன்’னு பதிவேட்டுல எழுதிட்டு இங்கதான் தங்கியிருந்தாங்க. நீல்ங்கிறது புருஷனோட காதலிக்குக் குடும்பப் பேரு! கடைசியில ஹோட்டல் இசைக்குழுக்காரங்க அடையாளம் கண்டுட்டாங்க. 14ஆம் தேதி புருஷன் வந்து சேர்ந்தார்.

பாருங்க, அறைகள் தானா அமைஞ்சிடுது. வரவேற்பு மேசை, பேப்பர் படிக்கிற கூடம், பில்லியர்ட்ஸ் அறை, சிகிச்சை அறை. முடிவு மட்டும் எல்லாரும் சேர்ந்து நடன அரங்குல.

இப்ப கணக்கு. 48 பேர், 12 பேரா 4 குழு. காட்சி 10 நிமிஷம், நடந்து மாற 3 நிமிஷம், ஆக ஒரு அறைக்கு 13. 4 அறைக்கு 52, முடிவுக்கு 15, மொத்தம் 67 நிமிஷம். ஒவ்வொரு குழுவும் வேற வேற வரிசையில பார்க்கும். அதனால எந்தக் காட்சியும் முந்தின காட்சியை நம்பி நிக்கக் கூடாது. இசைக்குழு அடையாளம் கண்ட விஷயத்தை நடன அரங்குக்குப் போறதுக்கு முன்னாடி எங்கேயும் வாய்விடக் கூடாது.

பெரும்பாலும் சொதப்புறது இங்கதான்: ஒரு அறையில 2 நிமிஷம் இழுத்துட்டா, அடுத்த குழு வராந்தாவுல நின்னு உள்ள நடக்குற காட்சியோட கடைசிப் பகுதியைக் கேட்டுடும். ஏன் இழுக்குதுன்னா, நடிகர் கேள்வி கேட்பார், பார்வையாளர் குஷியாகி நீளமா பதில் சொல்வார். அதனால ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நிமிஷத்துக்கு ரப்பர் மாதிரி ஒரு பகுதி எழுதிடுங்க, பதிவேட்டை வாசிக்கிற மாதிரி. நேரம் இருந்தா வாசிக்கலாம், இல்லேன்னா விட்டுடலாம். சாப்பாட்டு மணியை 9ஆவது நிமிஷம் அடிச்சா அந்தக் காலத்துக்குப் பொருத்தமா இருக்கும். ஆனா கனமான கம்பளம், தடிச்ச கதவு எல்லாம் சத்தத்தை முழுங்கிடும். 4 வழிகாட்டிகளுக்கும் அதிர்ற வாட்ச் கொடுத்து ஒரே நேரத்துக்கு வைங்க.

லிஃப்ட் பக்கமே போகாதீங்க. 12 பேர் ரெண்டு தடவையா வந்தா அந்த 3 நிமிஷம் காலி. படி ஏற முடியாதவங்களுக்கு மட்டும் லிஃப்ட். துணைக்கு ஒருத்தரோட ஒரு நிமிஷம் முன்னாடியே கிளம்பட்டும்.

சிகிச்சை அறையில நீராவி வேணும்னு புகை மெஷின் வைக்காதீங்க. தீ அலாரம் அடிச்சா நிஜமா தங்கியிருக்கிறவங்களும் நைட்டியோட வாசலுக்கு வந்துடுவாங்க. தொட்டியில வெந்நீர், பக்கவாட்டுல ஒரு விளக்கு, அது போதும். ஈரத்துணி சுத்துற சிகிச்சையைக் காட்டணும்னா நடிகர் மேல சுத்துங்க, பார்வையாளர் மேல வேண்டாம்.

அப்புறம், யூனிஃபார்ம்ல நிக்கிற நடிகர்கிட்ட யாராவது நிஜ டவல் கேட்பாங்க, நிச்சயம். பார்வையாளர் சட்டையில வெள்ளை ரிப்பன் குத்திட்டா ஆளைப் பிரிச்சுப் பார்க்கலாம். ரிப்பன் இல்லாதவரை மரியாதையா ரிசப்ஷனுக்கு அனுப்பிடுங்க.

கந்தக வாடைக்கு ரசாயனம் வேண்டவே வேண்டாம், அந்த வாடையைத் தர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷவாயு. நல்லா வெந்த முட்டையிலயும் கொஞ்சூண்டு அதே வாயுதான் வரும். ரெண்டு முட்டையை நசுக்கி மூடி போட்ட ஜாடியில வைங்க. வசனம் வரும்போது திறந்து உடனே மூடிடுங்க. திறந்தே விட்டீங்கன்னா நாலாவது குழு வாசப்படியிலயே நின்னுடும்.