முதலில் 150 பூக்கள்

வணக்கம். செயற்கை நுண்ணறிவைப் படிக்க வந்தவர்கள் பலரும் நேரே நியூரல் நெட்வொர்க்கில் (மூளை நரம்புகளைப் பார்த்து உருவான கணக்கீட்டு முறை) போய் விழுகிறார்கள். வேண்டாம். ஒரு சின்ன அட்டவணையைக் கையில் எடுங்கள்.

ஐரிஸ் என்றொரு தரவுத்தொகுப்பு இருக்கிறது. புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் ஆய்வுக்கட்டுரையில் பயன்படுத்தியது. மூன்று இனம், இனத்துக்கு 50 வீதம் 150 பூக்கள். பூ ஒவ்வொன்றுக்கும் புல்லிதழின் நீள அகலம், அல்லி இதழின் நீள அகலம் என நான்கு அளவுகள், அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியில் பட்டியல், லூப், ஃபங்ஷன் தெரிந்தால் போதும். நிரல் எழுதி ஓட்டும் கூகுள் கோலாப் பிரௌசரிலேயே ஓடும். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் நூலகத்துக்குள் இந்தத் தரவும் இருக்கிறது.

முதல் முறைக்கு 'நியரெஸ்ட் நெய்பர்' (மிக நெருங்கிய அண்டை) போதும். புதிய பூ ஒன்று வந்தால், அளவில் அதற்கு மிக நெருக்கமான மூன்று பூக்களைத் தேடும். அவற்றில் எந்த இனம் அதிகமோ அதையே பதிலாகச் சொல்லும். நெருக்கத்தைக் கணக்கிடுவது பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்.

இனி வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள். முதல் 100 வரிசைகளைப் பயிற்சிக்கும் கடைசி 50ஐச் சோதனைக்கும் கொடுங்கள். மதிப்பெண் பூஜ்யம்! ஏன்? தரவு இனவாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. கடைசி 50ம் வர்ஜினிகா என்ற இனம். அந்த இனத்தை மாடல் (பயிற்சி பெற்ற நிரல்) கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கலைத்துப் பிரித்தால் சரியாகிவிடும். நூலகத்தின் பிரிப்பு ஃபங்ஷன் தானாகவே கலைத்து, 112 பூக்களைப் பயிற்சிக்கும் 38ஐச் சோதனைக்கும் ஒதுக்கும்.

இதற்கு நேர்மாறான தப்புதான் ஆபத்து. மூன்றுக்குப் பதில் ஒரே ஒரு அண்டைப் பூவை வைத்து, பயிற்சித் தரவிலேயே சோதித்தால் 100 சதவீதம் வரும். துள்ளிக் குதிக்காதீர்கள். ஒவ்வொரு பூவுக்கும் மிக நெருக்கமான பூ அதுவேதான்! விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய தேர்வு அது. சோதனையில் 97, 100 என்று ஏறி இறங்குவதற்கும் அர்த்தம் தேடவேண்டாம். 38இல் ஒரு பூ தவறினாலே 2.6 சதவீதம் போய்விடும்.

அல்லி இதழின் நீளத்தையும் அகலத்தையும் படமாக வரையுங்கள். செட்டோசா இனம் தனியே ஒதுங்கி நிற்கும். மற்ற இரண்டும் எல்லையில் உரசிக்கொள்ளும். தவறான விடைகள் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் விழும். அட்டவணையின் ஒரு நெடுவரிசையை மட்டும் சென்டிமீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: எண் பெரிதானதும் அந்த ஒரு நெடுவரிசையே தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடும். அளவுகளை ஒரே வீச்சுக்குக் கொண்டுவருவது எதற்கென்று அப்போது புரியும்.

சாட்பாட்டிடம் நிரல் கேட்டு வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் எந்த வரியை நீக்கினால் எது உடைகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

இதே முறையோடு அடுத்து எம்நிஸ்ட்டுக்குப் போங்கள். கையால் எழுதிய இலக்கங்கள். பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. படத்துக்கு 28க்கு 28, அதாவது 784 எண்கள். விடை நன்றாகவே வரும். ஆனால் ஒவ்வொரு புதுப் படத்தையும் 60,000 படங்களோடும் ஒப்பிட வேண்டும். நியூரல் நெட்வொர்க்குக்கு அந்தச் சுமை இல்லை. கற்றதை எடைகள் எனப்படும் எண்களாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும், பதில் சொல்லும்போது பழைய படங்களைப் புரட்டாது. அந்த எடைகளைத் திருத்தும் இடத்தில்தான் வகைநுண்கணிதமும் அணிப்பெருக்கலும் தேவைப்படும். அங்கு வந்ததும் அவற்றைப் படியுங்கள்.