பொட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள்

வணக்கம் நேயர்களே. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 உங்களில் சிலர் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பானெட்டைத் திறந்தால் பென்சில் பருமனில் கருப்பு ரப்பர் குழாய்கள் தெரியுமே, எஞ்சினின் உறிஞ்சலை, அதாவது வேக்குவத்தை, கொண்டுபோகிற அந்த வேக்குவம் குழாய்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் பாதி காற்றுதான் வாய்க்கு வரும். எஞ்சினும் உறிஞ்சுகிற சாதனம்தான். குழாய் எங்காவது வெடித்திருந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே புகுந்துவிடும். ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடுவது, தடுமாறும்; எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிற மிஸ்ஸிங் வரும். நாமோ கார்புரேட்டரைக் குறை சொல்லிக் கழற்றிப் போட்டுவிடுகிறோம்.

சேலத்து ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். ஏற்காடு மலையில் வண்டி ஏறவே மாட்டேன் என்கிறது என்றார். அங்கே இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவதிலேயே முதல் கியர் போட வேண்டியிருக்கிறதாம். கார்புரேட்டரை எங்கோ சுத்தம் செய்த பிறகுதான் இப்படி என்றார். சரி, திறந்து பார்ப்போம் என்று பார்த்தேன். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற குழாயை இடம் மாற்றிச் செருகியிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டருக்குள் ஒரு தகடு திறக்கும். அந்தத் தகட்டுக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது கீழ்முனையில் விரல் வைத்தால் விரலைப் பிடித்து இழுக்கும். மேல்முனை சும்மா இருக்கும். லேசாக ரேஸ் கொடுத்தால்தான் இழுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் குழாய்க்கு உரிய இடம் அந்த வண்டியில் மேல்முனை. அந்தக் குழாயில் உறிஞ்சல் வந்தால் தீப்பொறி முன்கூட்டியே விழும். கீழ்முனையில் செருகியதால் ஐடிலிங்கிலேயே தீப்பொறி முந்திக்கொண்டது, எஞ்சின் அலறியது. அலறலை அடக்க தீப்பொறி தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரையே பின்னுக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். மலையில் முழுக்க மிதிக்கும்போது வேக்குவம் குறைந்துபோகும். அப்போது தீப்பொறி தாமதமாகத்தான் விழும். அப்புறம் வண்டி எப்படி ஏறும்?

குழாயை மாற்றிச் செருகி தீப்பொறி விழுகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, சரிசெய்தேன். அடுத்த ஞாயிறே மனைவி பிள்ளைகளோடு ஏற்காடு போய்வந்து சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால்தான் சொல்கிறேன், கழற்றும் முன் பொட்டு வையுங்கள். வீட்டில் நகப்பூச்சு இருக்கும். குழாயில் ஒரு பொட்டு, அது நுழைகிற முனையில் ஒரு பொட்டு. அடுத்த குழாய்க்கு இரண்டிரண்டு. நுனி விறைத்துப் போயிருந்தால், நீளம் மிச்சம் இருக்கிற குழாயில் அரை அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி செருகலாம். நடுவில் வெடிப்பு இருந்தால் குழாயையே மாற்றிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பொட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டரை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தடித்த குழாய்தான் போட வேண்டும்; மெல்லிய குழாய் உறிஞ்சலில் சப்பிப்போய்விடும். எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வணக்கம்.